இரண்டு காட்டினால் நாலு

பாகலூர் பாண்டு வாத்திய செட்டின் மாஸ்டர் யேசுராஜுக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. ஒருமுறை ட்ரம்பெட்டை ஊதிப் பார்த்தார். படுத்திருந்த நாய் எழுந்து வேறு தெருவுக்குப் போய்விட்டது. ஜரிகைக் கோட்டு மாட்டிக்கொண்டு, கோலைச் சுழற்றி முன்னால் நடப்பார். அதற்கு ஒரு ஆட்டுக்கடா போதும் என்பது சைடு டிரம் அடிக்கும் கிங்ஸ்டனின் கருத்து.

வெடிச் சத்தத்தில் பேச்சு எடுபடாது என்பதால் பாட்டுக்கெல்லாம் நம்பர். மாஸ்டர் வலது கையில் இரண்டு விரல் காட்டினால் மாதா பாட்டு, நாலு காட்டினால் சாவுப் பாட்டு. இந்த விரல் காட்டும் உத்தியோகத்துக்குத்தான் இருபது வருடமாக அவ்வளவு மிடுக்கு.

அதிலும் அவர் வேலை பார்த்த கம்பெனியின் பிரஸ் மெஷின் மண்ணைப் போட்டது. அந்த வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் போயின. நான்கு மாதம் வீட்டில் கிடந்தவர், மாதா திருநாள் தேருக்கு வெள்ளைக் கையுறையோடு வந்து நின்றார். இன்று சொதப்பினால் கோல் கிங்ஸ்டனுக்கு என்று செட்டில் பேசி முடித்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும்.

பூசை முடிந்து தேர் கிளம்பியது. யேசுராஜ் கையைத் தூக்கினார். நாலு விரல்.

கிங்ஸ்டனுக்குப் புரிந்துவிட்டது. கையுறையின் காலி விரல்கள் தொங்கக் கூடாதென்று மனுஷன் அவற்றுக்குள் பஞ்சை அடைத்திருக்கிறார். பஞ்சு எங்கே மடங்கும்?

"நாலாப்பா?" என்றான் ட்ரம்பெட் திம்மப்பன். கை சொன்னதை ஊதுகிறவன் அவன்; யார் தேர் என்றெல்லாம் பார்க்க மாட்டான். உதட்டில் வைத்தும் விட்டான்.

கிங்ஸ்டன் சும்மா நின்றாலே போதும், கோலும் கோட்டும் அவனுக்குத்தான். யேசுராஜ் கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு அந்த இரண்டு விரல்களையும் அமுக்கினார். அவை மறுபடி எழுந்து நின்றன. கோட்டுக்குள் ஆளே சுருங்கிப்போனார்.

'சனியன்' என்று பல்லைக் கடித்தபடி கிங்ஸ்டன் இரண்டாம் நம்பர் அடியைப் பிடித்தான். திம்மப்பன் அதற்கு மாறினான். செட்டு முழுக்கப் பின்னால் ஏறிக்கொண்டது.

தேர் நிலைக்கு வந்ததும் கிங்ஸ்டன் எங்கேயோ ஊசிநூல் வாங்கி வந்தான்.

"கையக் குடுண்ணா. தலகாணி கணக்கா அடச்சு வச்சிருக்கற."

பஞ்சு விரல் இரண்டையும் மடக்கி, கையுறையின் உள்ளங்கையோடு தைத்தான்.

"கோலு இனி உங்கிட்டயாடா?"

"எனக்கெதுக்கு? டிரம்ம உங்கப்பனா அடிப்பான்?"

யேசுராஜ் கையைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப நாலு எப்டிடா காட்டறது?"

"சாவு வூட்ல எவனுக்குண்ணா நம்பர் வேணும்? நீ முன்னால நட. அது ஒண்ணுதான் உனக்கு வருது."