மூன்று கோட்

இருபது வருடமாக எங்கள் தெருச் சுவர்களுக்கெல்லாம் வண்ணம் அடித்தவர் பெயின்டர். மில் தொழிலாளிகள் காலிசெய்த வீடுகளுக்குக் கார்க்காரர்கள் வந்தார்கள். அவருக்கு வேலை கூடியது, தெருவில் வாடகையும் கூடியது. தன்னையும் கிளப்பிவிடுவார்களோ என்ற பயத்தில், குடியிருந்த வீட்டுக்குத் தன் செலவிலேயே மூன்று கோட் பெயின்ட் அடித்தார். வீட்டுக்காரர் வந்து சுவரைத் தடவிப் பார்த்தார்.

"அண்ணே, இதுக்கு இப்ப ரெட்டை வாடகை கேக்கலாமே!"

"நான் எங்கய்யா போவேன்?"

"அதான் யோசிக்கிறேன். உங்களுக்குத் தாங்காதே."

"சொந்தக் காசுல சூனியம் வச்சுக்குவாங்கன்னு கேட்டிருக்கேன். நீங்க மூணு கோட்டுல்ல வச்சிருக்கீங்க!" என்றாள் பெயின்டரின் மனைவி, பாத்திரங்களைச் சாக்கில் கட்டியபடி.

‘வீடு வாடகைக்கு’ பலகையையும் பெயின்டரே எழுதிக் கொடுத்தார். தெருவில் எழுத வேறு ஆளில்லை. எழுத்து அழகாக இருந்தது. மறுநாளே வீடு போய்விட்டது.