பூசணித் தோட்டத்துத் தரகரக்கா

அடையாள அட்டையில் அவளுக்கு வேறொரு நல்ல பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது விசாரித்தால் அவள் புருஷனே ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் வழி காட்டுவார். தரகரக்கா என்று கேட்டால் பஸ் நிறுத்தத்து நாய்கூட வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடும். அவள் தரகு பேசியது மனிதருக்கு இல்லை, பூசணிப்பூவுக்கு.

அவள் கல்யாணமாகி வந்த புதிதில் ஊருக்கு வெளியே நிலமெல்லாம் கைக்குட்டை அளவு துண்டுகளாகக் கிடந்தது. ஒருத்தர் எள் விதைத்திருப்பார், பக்கத்தில் ஒருத்தர் கத்தரி, அதற்கடுத்து அவரை. நடுநடுவே செடிகொடி படர்ந்த உயிர்வேலி. வரப்பெல்லாம் பேர் தெரியாத பூ. ஒருநாள் வேலியைத் தாண்டும்போது ஒரு காட்டுத் தேனீ புதுப்பெண்ணின் கன்னத்தில் கொட்டிவிட்டது. புகுந்த வீட்டில் எடுத்த முதல் போட்டோவில் அவள் ஒருக்களித்து நிற்பது வெட்கத்தால் அல்ல.

பிறகு ஒருவர் அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் குத்தகைக்குப் பிடித்து ஒன்றாக்கினார். நிலக்காரர் என்றே அவருக்குப் பெயராகிவிட்டது. பெரிய டிராக்டர் திரும்ப இடம் வேண்டுமே! வேலி போயிற்று, வரப்பு போயிற்று, சும்மா கிடந்த மேட்டு மூலையும் தட்டையாயிற்று. கண்ணுக்கெட்டிய மட்டும் மக்காச்சோளம். காட்டுத் தேனீக்கள் ஒரே நாளில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடவில்லை. ஒரு வருஷம் குறைந்தன, மறுவருஷம் இன்னும் குறைந்தன, அப்புறம் அப்படியொன்று இருந்த ஞாபகமே யாருக்கும் இல்லை. கன்னம் வீங்கியவள் என்ற முறையில் அவளுக்கு அதில் துளியும் வருத்தமில்லை.

மக்காச்சோளத்துக்குக் காற்றே போதும். அதனால் குறை வெளியே தெரியவில்லை. மண் களைத்து விளைச்சல் சரிந்ததும் நிலக்காரர் பூசணிக்கு மாறினார். அப்போதுதான் குட்டு உடைந்தது. நிலம் முழுக்கப் பொன் கொட்டியது போலப் பூ, காய்தான் இல்லை. பிஞ்சுகள் எலுமிச்சை அளவுக்கு வந்து, மஞ்சள் தட்டி, பொத்துப் பொத்தென்று உதிர்ந்தன. நிலக்காரர் தண்ணீரை மாற்றினார், உரத்தை மாற்றினார், மேஸ்திரியைத் திட்டினார். கடைசியில் வேளாண் அலுவலரான ஓர் அம்மாள் வந்து ஒரு சுற்று நடந்து பார்த்தார்.

"ஆண் பூ இருக்கு, பெண் பூ இருக்கு. நடுவுல போய் வர ஆளைத்தான் காணோம். ஒரு தேனீகூடக் கண்ணுல படலையே!"

பெட்டித் தேனீ வாடகைக்குக் கேட்டுப் பார்த்தார்கள். இப்படி மருந்தடிக்கிற நிலத்துக்கு அனுப்ப மாட்டோம் என்று தேனீக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். சரி, கையாலேயே மகரந்தம் தொட்டு வைப்போம் என்று பெண்களை வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

அதுவரை ஒரு லாட்ஜில் படுக்கைவிரிப்பு துவைத்துக்கொண்டிருந்தவள் ஓரகத்தியையும் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். பூசணிப்பூ விடியலில் திறந்து, வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும். அதற்குள் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, நடுவில் நிற்கும் மகரந்தக் காம்பைப் பெண் பூவுக்குள் பதமாகத் தொட வேண்டும். அழுத்தினால் பூ கெடும்; பட்டும் படாமல் விட்டால் காய் கோணிக்கொள்ளும். அவள் கைக்கு அந்தப் பதம் முதல் நாளே பிடிபட்டது. வாயும் சும்மா இருக்கவில்லை.

"இந்தாம்மா, மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு இல்ல, ஆனா குணம் தங்கம். சரின்னு சொல்லிடு."

வரிசை முழுக்கச் சிரிக்கும். மேஸ்திரி ஓடி வருவார். "ஏம்மா, பேசறதுக்கா உன்னைக் கூப்பிட்டோம்?"

"பேசி முடிக்காத கல்யாணம் நிலைக்காது மேஸ்திரி!"

பட்டம் அப்படி ஒட்டிக்கொண்டது. அவள் தொட்ட வரிசையில் காய் உருண்டு திரண்டது. பெண்கள் கூட்டத்துக்கு அவளே தலைவியானாள். எதிலும் முதலாவதாக வந்தறியாதவளுக்கு அது தலைகால் புரியாத சந்தோஷம்.

இதற்கிடையில் ரோட்டோரத்தில் ஒரு பகுதியை மட்டும் அதன் சொந்தக்காரர்கள் வீட்டுமனை போடத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். எல்லைக்கல் நட்டார்கள், பெரிய வளைவு கட்டினார்கள், பிறகு பங்காளிச் சண்டை முற்றிக் கோர்ட்டுக்குப் போனார்கள். மனைகள் அப்படியே கிடந்தன. உழுவார் இல்லை, மருந்தடிப்பார் இல்லை. ரெண்டு மழைக்காலம் போனதும் அங்கே பூக்காத செடி இல்லை.

ஒரு பருவத்தில் ஓரகத்திக்குப் பிரசவம். தரகரக்கா ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்ததில் அந்த மனைகளை ஒட்டிய ரோட்டோர வரிசைகளைத் தொட ஆளில்லாமல் போனது. திட்டு வாங்கத் தயாராகத் திரும்பி வந்தவளை, போகுமுன்பே அவள் அவற்றைத் தொட்டு முடித்துவிட்டதாக நினைத்திருந்த மேஸ்திரி பல்லெல்லாம் தெரிய வரவேற்றார்.

"ரோட்டோரம் போய்ப் பாரு! ஒரு பிஞ்சுகூட உதிரல. உன் கையே கை!"

தொடாத வரிசைக்கு ஏது கைராசி என்று அவளுக்குக் குழப்பம். மறுநாள் விடிந்ததும் அந்த வரிசையில் போய் நின்றாள். ஒரு பூவுக்குள் மாவில் புரண்டு எழுந்த மாதிரி உடம்பெல்லாம் மஞ்சளாக ஒரு தேனீ. அடுத்த பூவில் இன்னொன்று. அது பறந்த திசையில் பின்னாலேயே போனாள். மனைக் கற்களுக்கு நடுவே வெற்றுத் தரையில் பென்சிலால் குத்தியது போலச் சின்னச் சின்னத் துளைகள். அது ஒன்றுக்குள் புகுந்து மறைந்தது.

"அடிப்பாவிங்களா! மனை வாங்கினவனே இன்னும் வரல, நீங்க வீடு கட்டிக் குடியே வந்துட்டீங்களா?"

நேராகப் புருஷனின் பஞ்சர் கடைக்குப் போனாள். அவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, என் சக்களத்திங்க வந்துட்டாளுங்க."

டியூப் கையிலிருந்து வழுக்கி, தண்ணீர் அவர் முகத்தில் அடித்தது. "ஐயோ, ஒருத்தியோட காலந்தள்ளுறதே பெரும்பாடு! யாருடி அது?"

விஷயத்தைக் கேட்டபின் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சொன்னா உன் வேலைக்கு வேட்டு. சொல்லாட்டி யாருக்கும் நஷ்டமில்ல. யோசிச்சுக்கோ."

அவள் யோசித்தாள். அந்தப் பருவம் முழுக்க ரோட்டோர வரிசையில் பேருக்குக் கையை நீட்டிவிட்டு நகர்ந்தாள்.

வழக்கு இழுத்துக்கொண்டே போனதால் மனைக்காரர்கள் நிலத்தை மறுபடி நிலக்காரருக்கே குத்தகைக்கு விட்டார்கள். ஒருநாள் காலை டிராக்டர் கலப்பையை இறக்கிக்கொண்டு மனைகளுக்கு முன்னால் வந்து நின்றது. அது நாலு சுற்று சுற்றினால் அவள் வேலைக்கு ஆபத்தே இல்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். ஆனால் அவள் கண்ணெதிரே ஒரு தேனீ, கால் நிறைய மகரந்தத்தைச் சுமந்துகொண்டு, சந்தையிலிருந்து வீடு திரும்புகிறவளைப் போலத் தன் துளையைத் தேடி வந்து உள்ளே இறங்கியது. குழந்தையும் குட்டியுமாக வாடகை வீடு மாறி மாறி அலைந்தவள் அவள். அவள் மனசு கேட்கவில்லை.

"அண்ணே, நிறுத்துங்க!" என்று டிராக்டருக்குக் குறுக்கே போய் நின்றாள்.

நிலக்காரர் பைக்கில் பறந்து வந்தார். "என்னம்மா கலாட்டா?"

"போன பருவம் ரோட்டோரம் நான் தொடவே இல்லீங்க. மேஸ்திரி குடுத்த பாராட்டெல்லாம் இதுங்களுக்குச் சேர வேண்டியது." துளைகளைக் காட்டினாள்.

அவர் குனிந்து பார்த்தார். உள்ளிருந்து ஒன்று வெளியே வந்து அவர் மூக்கில் மோதியது. மனிதர் மல்லாந்து விழுந்தார். எழுந்து மண்ணைத் தட்டியபடி கேட்டார்: "இதுங்களே வேலை பாத்துட்டா உனக்கு என்ன வேலை?"

"இதுங்க பொடிசுங்க, ரொம்ப தூரம் போறதில்ல. நடு நிலத்துக்கு நான் இருக்கேன்ல?"

"நடு நிலத்துலயும் இதுங்களுக்கு இடம் விட்டா?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது, நுணலும் தன் வாயால் கெடும் என்று. சிரிப்பு வந்துவிட்டது. "விட்டுத்தான் பாருங்களேன்" என்றாள்.

நிலக்காரர் கணக்கான ஆள். மனைகளை உழாமல் விட்டார். நிலத்துக்குள்ளே அங்கங்கே பட்டை பட்டையாகத் தரையைச் சும்மா போட்டார். மருந்தைக் குறைத்து, அதையும் பூ மூடியபின் அடிக்கச் சொன்னார். எல்லாம் உடனே பலிக்கவில்லை. ஒரு பட்டையில் களைதான் மண்டியது, தேனீ எட்டிப் பார்க்கவில்லை. மேஸ்திரி அதைப் பார்க்கும்போதெல்லாம் முனகினார். ஆனாலும் வருஷத்துக்கு வருஷம் அவை உள்ளே உள்ளே நகர்ந்து வந்தன. பெண்களுக்கு வேலை தேய்ந்தது.

"உன் வாயால எங்க பிழைப்பும் போச்சுக்கா" என்று ஓரகத்தி, இடுப்பில் பிள்ளையோடு, முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றே பஸ் ஏறி வேளாண் அலுவலரைப் பார்க்கப் போனாள். "பழக்கின கை இத்தனை இருக்குங்கம்மா, எங்கயாவது சொல்லி விடுங்க" என்று அவர் மேஜைமுன் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்து ஊரில் ஒட்டுவிதை தயாரிக்கிற வலைக்கூடம் ஒன்று ஆள் தேடுவதாக அவர் சொன்னார். அங்கே இந்தச் செடியின் மகரந்தத்தை அந்தச் செடிக்கு மட்டும் கையால் வைக்க வேண்டும். தேனீ புகுந்து கலப்படம் செய்துவிடாமல் முந்தின நாள் மாலையே மொட்டுக்குக் கிளிப் போட்டுவிடுவார்கள். கூட்டத்தை அப்படியே அழைத்துக்கொண்டு போனாள். கொசுக்கடியில்லாத நிழல் வேலை. ஓரகத்தி முதல் வாரத்திலேயே கோபத்தை மறந்தாள்.

ஒருநாள் வலையின் கிழிசல் வழியாக ஒரு தேனீ உள்ளே வந்துவிட்டது. மேற்பார்வையாளர் துண்டை வீசிக்கொண்டு அங்குமிங்கும் ஓடினார். தரகரக்கா அவரை ஓரமாக நிறுத்திவிட்டு, கையிலிருந்த ஆண் பூவை நீட்டினாள். அது வந்து உட்கார்ந்தது. பூவோடு மெல்ல வெளியே நடந்துபோய் வேலிச்செடியில் வைத்தாள்.

"போம்மா, பெரிய தோட்டத்துல உனக்கு எவ்வளவோ வேலை கிடக்கு. இங்க பாக்குற வரனெல்லாம் கொஞ்சம் கறாரான இடம்."

உள்ளே பெண்கள் சிரித்து ஓய வெகுநேரமாயிற்று. அதற்குள் அவள் ஊசிநூல் கேட்டு வாங்கி, வலையின் கிழிசலைத் தைக்க உட்கார்ந்துவிட்டாள்.