விசாலம் எண்ணிய உள்ளான்கள்

விசாலத்தின் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்பது பாயான் பாரு தொழிற்சாலையில் வேலை பார்த்த அத்தனை பேருக்கும் தெரியும். காலமெல்லாம் மின்னணுச் சில்லுகளில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவள். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்ணைச் சும்மா வைத்திருக்க மனம் வரவில்லை. டெலஸ்கோப்பும் முக்காலியுமாகத் தீவிலிருந்து கடல் பாலம் தாண்டி, அக்கரையில் இருக்கும் சதுப்புநிலக் காப்பகத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

தெற்கே ஆஸ்திரேலியாவிலிருந்து சைபீரியாவுக்குப் போகிற உள்ளான் பறவைகள் மார்ச், ஏப்ரலில் அங்கே இறங்கி இரை தேடும். கடல் ஏறி சேறு மூழ்கும்போது எல்லாம் ஒரே மேட்டில் நெருக்கியடித்து நிற்கும். அப்போதுதான் எண்ண முடியும். அவள் எண்ணும் நேரமெல்லாம் கணவர் அடைக்கப்பன் காரில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். கொக்குக்கும் கோழிக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும் என்பது அவர் கொள்கை.

இந்த வருடம் பறவை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. எப்போது பார்த்தாலும் கூட்டத்தின் நடுவே வெறும் மேடுதான். விசாலத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் காப்பக ஊழியன் இக்மல் போன வருடம் மாதிரியேதான் வந்திருக்கின்றன என்று அறிக்கை கொடுத்திருந்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவன் பெயரைப் போட்டே எழுதினாள்: சேற்றில் கால் வைக்காமல் பழைய எண்ணிக்கையைத் திருப்பி எழுதுகிற ஆள் இவன். மேலதிகாரிகள் அவனை விசாரிக்கப் போகிறார்கள், வேலை போனாலும் போகும் என்று கேள்விப்பட்டபோது, நல்லா வேணும் என்றுதான் நினைத்தாள்.

விசாரணைக்குத் தன் பக்கம் ஒரு சாட்சி வேண்டாமா? அடுத்த சனிக்கிழமை அடைக்கப்பனைக் காரிலிருந்து இறக்கி, டெலஸ்கோப் முன்னால் நிறுத்தினாள்.

"நடுவுல எவ்வளவு காலியா இருக்குன்னு நீங்களே பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். "எங்க லா காலி? நடுவுலதான் நிக்க இடமில்லாம நிக்குது."

காலங்காத்தால விளையாட வேண்டாம் என்று கடுகடுத்துவிட்டு அவள் பார்த்தாள். காலி. அவர் பார்த்தார். நிறைய. அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"விசாலம், இன்னொரு கண்ணால பாரு."

டெலஸ்கோப் பிடிப்பவர்களுக்கு ஒரு கண் பழகிவிடும். அவளுக்கு வலது. அதை வைத்ததும் இடது கண் தானாக மூடிக்கொள்ளும். மற்ற நேரமெல்லாம் இரண்டும் திறந்திருப்பதால், வலதில் விட்டுப்போனதை இடது கண் ஓசைப்படாமல் நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக இடது கண்ணை வைத்தாள். மேடு முழுக்க உள்ளான். ஒன்றன் முதுகில் ஒன்று ஏறாத குறை.

நிமிர்ந்து, இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு கணவரைப் பார்த்தாள். காது இருந்தது, நரைத்த தலை இருந்தது, சட்டை இருந்தது. முகம் இல்லை.

பறவையே நிஜமாகக் குறைந்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் நினைத்துவிட்டாள். நினைத்த மாத்திரத்தில் வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்தப் பறவைகளுக்காகத்தானே அழுதோம், சண்டை போட்டோம்?

வீட்டுக்குப் போய் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம், முதலில் டாக்டரைப் பார்க்கலாம் என்றார் அடைக்கப்பன். அவள் கேட்கவில்லை. அங்கேயே நின்று இக்மலைப் போனில் கூப்பிட்டாள். மலாயில் கோர்வையாகப் பேசுகிறவளுக்கு அன்று வார்த்தை வரவில்லை. அவன் எண்ணியதுதான் சரி, தான் எழுதியது பொய், குழுவிலும் அவன் அதிகாரிகளிடமும் தானே சொல்லிவிடுவதாக எப்படியோ சொல்லி முடித்தாள். ஏன் திடீரென்று என்று அவன் கேட்டான். பார்வை போய்விட்டது, ஒரு கண்ணில் நடுப்பகுதி தெரியவில்லை என்றாள். சத்தமாகச் சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது.

நன்றாகத் திட்டட்டும் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"தனியாவா இருக்கீங்க, அக்கா?" என்று மலாயில் கேட்டான் இக்மல். "நீங்க காரை ஓட்ட வேணாம். நான் வந்து வீட்டுல விடுறேன்."