கம்பியைப் பிடித்து நின்றவள்

ப்ராஜெக்ட் என்றால் என்ன என்று விழுப்புரத்தில் ஒரு ஏசி ஹாலில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு ஒரு தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, எட்டவேண்டிய இலக்கு உண்டு. முடிந்ததும் ஆட்கள் கலைந்துவிட வேண்டும். தினமும் நடந்துகொண்டே இருப்பது ப்ராஜெக்ட் ஆகாதாம். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

திண்டிவனத்தில் எங்கள் ப்ராஜெக்ட், நடக்க முடியாத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பது. பயிற்சியாளருக்கு நான் உதவியாள். கிளியனூர் பக்கத்திலிருந்து ஒருத்தி, ஐந்து வயது மகளை இடுப்பில் சுமந்துகொண்டு பஸ்ஸில் வருவாள். மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கும் நாளிலும் கூலியை விட்டுவிட்டு வருவாள். தவழ்ந்துகொண்டிருந்த அந்தப் பிள்ளை ஒருநாள் பயிற்சிக்காக இரண்டு பக்கமும் பொருத்தியிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டது. அடேயப்பா, எனக்கு அழுகையே வந்துவிட்டது! உடனே போட்டோ எடுத்தார்கள். பிடித்துக்கொண்டு நிற்பதுதான் எங்கள் இலக்கு. நடப்பது அதில் இல்லை.

முடிவுத் தேதி வந்தது. பயிற்சியாளர் சென்னைக்குப் போய்விட்டார். கம்பிகளைக் கழற்றி வேனில் ஏற்றும்போது அவள் பிள்ளையோடு வந்து நின்றாள்.

"யக்கா, இன்னும் நடக்கலியேக்கா. இப்பத்தான நிக்குது. அந்தக் கம்பியையாச்சும் உட்டுட்டுப் போங்கக்கா."

"அது ப்ராஜெக்ட் சாமான்மா. ஆபீஸுக்குப் போவணும்," என்றார் வேன்காரர்.

போனது. ஆபீஸ் மொட்டைமாடியில் அந்தக் கம்பியில் இப்போது தரை துடைக்கிற துணி காய்கிறது. நல்லா இருக்கட்டும்!

மனசு கேட்காமல் ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனேன். பிள்ளை வாசலில் தவழ்ந்து வந்தது. தூக்கி நிறுத்திப் பார்த்தேன். கால் மடங்கிக்கொண்டது.

"மறுபடி எப்பக்கா ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டாள்.

இந்த வருஷம் வேறொரு ப்ராஜெக்ட், அதே விழுப்புரம், அதே ஹால். வெற்றிகரமாக முடிந்த ப்ராஜெக்டுக்கு உதாரணம் என்று திரையில் ஒரு படம் காட்டினார்கள். கம்பியைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு அதே பிள்ளை. எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்துவிட்டேன்.

"சார், அந்தப் புள்ள இப்ப திரும்பத் தவழ்ந்துக்கினு இருக்குதுங்க."

படம் காட்டிக்கொண்டிருந்தவர் கோபப்படவில்லை.

"அது ப்ராஜெக்ட் முடிஞ்சதுக்கு அப்புறம் நடந்ததும்மா. இதுல வராது," என்று சொல்லிவிட்டு அடுத்த படத்தைப் போட்டார்.