கேள்வியம்மா

“கடைசியா உறவு வெச்சுக்கிட்டப்ப ஆணுறை போட்டீங்களா?”

முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடி முன் நிற்கும் கணவர், சவரக் கத்தியை நிறுத்தி மனைவியின் முகத்தை ஆராய்கிறார். “இடது புருவம் லேசா ஏறுது. மறுபடி கேளு.” மறுபடி கேட்கிறார். “இப்ப சரி. மணி என்னன்னு கேக்கற மாதிரி இருக்கு.” அப்புறம்தான் அந்த அம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவார்.

பொதுச் சுகாதார ஆராய்ச்சியாளர். வயது ஐம்பத்திரண்டு. எச்.ஐ.வி. யாருக்கு எப்படித் தொற்றுகிறது, அதை எங்கே மறிக்கலாம் என்று இருபது வருடங்களாகத் துருவிக்கொண்டிருக்கிறார். துருவுவது என்றால் மனிதர்களை உட்காரவைத்து, வெளியே சொல்லக் கூசுகிற விஷயங்களைக் கேட்பது. மருத்துவமனை வட்டாரத்தில் ‘கேள்வியம்மா’ என்றால்தான் அவரைத் தெரியும். கேட்கிறவரின் புருவம் நூலளவு ஏறினால் போதும், பதில் சொல்பவர் ஒரு பொய்யை எடுத்து நீட்டிவிடுவார் என்பது அவர் அனுபவம். அதனால்தான் இந்தக் காலை ஒத்திகை.

இத்தனை கேட்கத் தெரிந்தவருக்குப் பேருந்தில் “இங்க கொஞ்சம் நிறுத்துங்க” என்று சொல்ல வாய் வராது. வேறு யாராவது இறங்கினால் கூடவே இறங்கிக்கொள்வார். இல்லாவிட்டால் ஒரு நிறுத்தம் தாண்டிப் போய், வெயிலில் திரும்பி நடப்பார். “சொந்தக் காரியத்துக்கு எனக்குக் கேக்க வராது” என்பார், ஏதோ உடல்வாகைச் சொல்வதுபோல.

அவருடைய அறை மருத்துவமனையின் பின்பக்கம், சலவைக் கூடத்துக்கு அடுத்தது. மேஜையை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டார். இரண்டு நாற்காலிகளும் எதிரெதிராக இல்லாமல் பக்கத்துப் பக்கத்தில், இருவரும் வெறும் சுவரைப் பார்க்கும்படி இருக்கும். “மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியாததைச் சுவரைப் பாத்துச் சொல்லிடலாம்.” லாரி ஓட்டுநர்கள், பாலியல் தொழில் செய்யும் பெண்கள், போதை ஊசி போட்டுக்கொள்பவர்கள் எல்லோரும் அந்தச் சுவரிடம்தான் பேசியிருக்கிறார்கள். ஓர் ஓட்டுநர் கிளம்பும்போது சுவரிடமும் “வரேங்க” என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

மூன்று வருடங்களுக்கு முன் திருமணமான பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார். கணவரைத் தவிர வேறு யாருடனாவது உறவு உண்டா என்பது முதல் கேள்வி. ‘இல்லை’ என்றால் முப்பது கேள்விகளைத் தாண்டி நேரே கடைசிப் பக்கம். ‘குறைந்த அபாயம்’ என்ற கட்டத்தில் ஒரு டிக். மொத்தம் நான்கு நிமிடம். நாள் முழுக்கக் கனத்த கதைகளைக் கேட்கிறவருக்கு இந்த மனைவிமார்கள் வந்தால் ஓர் ஆசுவாசம். சேர்ந்தாற்போல் இரண்டு பேர் வந்தால் நிம்மதியாக ஒரு டீ குடிக்கலாம்.

அப்படித்தான் ஒரு நாள், தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைக்கிற பெண் ஒருவர் வந்து உட்கார்ந்தார். ‘இல்லை’ என்றார். டிக் விழுந்தது. “அவ்வளவுதாங்க, ரொம்ப நன்றி” என்று சொல்லியும் அவர் எழுந்திருக்கவில்லை.

“என்னைப் பத்தி மட்டும்தான் கேப்பீங்களா?”

“ஆமாங்க. ஏன்?”

“நான் எங்க போறேன்? மெஷினை விட்டா வீடு. போறவரு அவருதானே. அவரைப் பத்தி ஒரு கேள்விகூட இல்லையே?”

கேள்வியம்மா படிவத்தின் முதல் கேள்வியை மறுபடி படித்தார். அன்று மாலை அலமாரியிலிருந்து படிவங்களை இறக்கிப் பார்த்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்கள் நான்கே நிமிடத்தில் முடிந்துபோயிருந்தார்கள். டிக் போட்டது அவர் கை. கேள்விகளை எழுதியதும் அதே கைதான். “அவங்களை நாலு நிமிஷத்துல அனுப்பிட்டு நான் டீ குடிச்சிருக்கேன்” என்று அன்றிரவு கணவரிடம் சொன்னார்.

கணவரைப் பற்றிய கேள்விகளைச் சேர்த்து அந்தப் பெண்களை மறுபடி கூப்பிட வேண்டும் என்றதும் துறைத்தலைவர் பதறிப்போனார். “நடுவுல கேள்வியை மாத்தினா இத்தனை நாள் செஞ்சது வீணாப் போயிடும்மா. உங்க பேரு முதல்ல போட்டு வர வேண்டிய கட்டுரை. அடுத்த ஆய்வுல சேத்துக்கலாமே?”

“அதுவரைக்கும் அவங்க தங்களுக்கு ஒண்ணும் வராதுன்னு நெனச்சுக்கிட்டு இருப்பாங்க சார். நான் போட்ட டிக்கை நானே அழிக்கணும்.”

துறைத்தலைவர் ஒரு மாதம் இழுத்தடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மறுபடி கூப்பிடலாம் என்று முன்பே சம்மதித்திருந்த பெண்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தார் கேள்வியம்மா. இருநூற்று நாற்பது பேர் வந்தார்கள். பரிசோதனையில் ஒன்பது பேருக்குத் தொற்று இருந்தது. ஒருவருக்கும் அதுவரை தெரியாது. ஒன்பது பேரும் இன்று மருந்து சாப்பிட்டுக்கொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டு நன்றாக இருக்கிறார்கள். காலர் தைக்கிற பெண்ணுக்குத் தொற்று இல்லை. வராமல் தடுக்கும் மாத்திரையைத் தினமும் எடுத்துக்கொள்கிறார். “வீட்டுல சத்து மாத்திரைன்னு சொல்லி வெச்சிருக்கேன்” என்று சுவரைப் பார்த்துச் சிரித்தார்.

அதற்குள் வேறொரு குழு அதே விஷயத்தை எழுதிப் பெயர் வாங்கிவிட்டது. வருத்தம் இல்லையா என்றால், “இருக்கு. இல்லாம என்ன?” என்பார். வராமல் போனவர்களை வியாழக்கிழமைதோறும் இன்னும் அழைத்துக்கொண்டிருக்கிறார். பலருடைய எண்கள் மாறிவிட்டன.

இப்போதைய படிவம் நீளமானது. கடைசியில் “நான் கேக்காம விட்டது ஏதாவது இருக்கா?” என்று ஒரு கேள்வி. பெரும்பாலும் “இல்லைங்க” என்றுதான் பதில் வரும். போன வாரம் ஓர் இளம் ஆசிரியை மட்டும் ஏதோ சொல்லத் தொடங்கினார். உதடு அசைந்ததே தவிர, தலைக்கு மேல் கடகடவென்று ஓடிய மின்விசிறியின் சத்தத்தில் ஒரு சொல்லும் காதில் விழவில்லை. சத்தமாகச் சொல்லும்படி கேள்வியம்மா கேட்கவில்லை. எழுந்து போய், அந்த மதிய வெக்கையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.