ஆசிச் செய்திகளுக்குக் கீழே அம்புலன்ஸ்

காத்தான்குடி ஸுஹைனாவுக்கு மூக்கு நுனியில் கோபம் என்பார்கள். இணையத்தளம் செய்து கொடுப்பது அவள் தொழில். தேடி வந்தவனை அலையவிடும் தளத்தைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். வழி கேட்டவனை வாசலில் நிறுத்தி வம்சக்கதை சொல்கிறார்கள் என்பாள்.

இலவச அம்புலன்ஸ் ஓட்டும் சங்கமொன்றுக்குத் தளம் செய்தாள். திறந்தவுடன் தொலைபேசி இலக்கம். தொட்டால் அழைப்புப் போகும். மற்றதெல்லாம் அதற்குக் கீழே. தலைவர் மீராசாஹிப் ஹாஜியாருக்குப் பிடிக்கவில்லை. நம்மூரில் எந்த விழாவுக்கும் மலர் வெளியிடுவோமே, அதில் முதல் பக்கங்களெல்லாம் படம் போட்ட ஆசிச் செய்திகள்தானே. தளமும் அப்படித்தான் வர வேண்டுமாம்.

"பெரியாக்கள் முன்னுக்கு வரணும் புள்ள. இலக்கத்த உள்ளுக்க 'சேவைகள்' பக்கத்துல போடு."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தாள்.

மாரிகாலத்தில் ஒருநாள், அவள் சங்க அலுவலகத்தில் இருந்தபோது, வெல்லாவெளி விவசாயி நல்லரத்தினம் வந்தார். மகளுக்குப் பிரசவ வலி கண்டதும் இந்தத் தளத்தைத்தான் திறந்திருக்கிறார். மழையில் சிக்னல் இழுபறி. படம் படமாக ஏறிக்கொண்டிருந்ததே தவிர, இலக்கம் அகப்படவில்லை. ஆட்டோவில் ஏற்றினார்கள். பாதி வழியிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. பிள்ளைக்குக் குறையில்லை. தாய்தான் இரத்தம் போய், மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் இன்னும் எழும்பாமல் கிடக்கிறாள்.

"உங்கட எல்லாற்ற மூஞ்சியையும் பாத்தன் ஐயா. நம்பரத்தான் காணல்ல."

"'சேவைகள்'ல இருக்கே. வடிவாப் பாத்திருந்தாக் கிடைச்சிருக்கும்," என்றார் ஹாஜியார்.

ஸுஹைனாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெற்ற மகள் துடிக்கும்போது எந்தத் தகப்பன் நிதானமாக, வடிவாகப் பார்ப்பான்? அந்த ஆத்திரத்தில் பாதி, வாயை மூடிக்கொண்டு மாற்றிக் கொடுத்த தன்மேலேயே வந்தது. அங்கேயே மடிக்கணினியைத் திறந்தாள். ஆசிச் செய்திகளை ஒன்றுவிடாமல் அழித்தாள். இலக்கத்தைப் பெரிதாக முகப்பில் போட்டாள்.

"யாரக் கேட்டு அழிச்ச?"

"யாரையும் கேக்கல்ல ஹாஜியார். போன முற உங்களக் கேட்டதே போதும்."

தளத்தின் கடவுச்சொல் அவளிடம் மட்டும்தான் இருக்கிறது. பழையபடி மாற்றுவதற்கு ஹாஜியார் வேறு ஆளைப் பிடித்துவிட்டு, கடவுச்சொல் கேட்டு ஆள்மேல் ஆள் அனுப்புகிறார். நேற்று அவளைப் பெற்ற வாப்பாவிடமே சொல்லியனுப்பினார்.

"பெரிய மனிசனோட என்னத்துக்கும்மா பகை? குடுத்துடு," என்றார் வாப்பா.

"குடுக்கிறன் வாப்பா. வெல்லாவெளிப் புள்ள ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்து எழும்பி வந்து, குடு எண்டு சொல்லட்டும்."