க்ளோசப்பில் வந்த கால்

கண்ணாடிக்கடையில் அவளை எல்லோரும் லென்ஸக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஃபிரேமுக்குத் தக்கபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. பஸ் கவிழ்ந்து முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. யாராவது சக்கர நாற்காலியைப் பார்த்து உச்சுக் கொட்டினால், "செருப்பு தேயாது, அந்த மட்டும் லாபம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

மூக்குக்கண்ணாடியில் திருகு கழன்றுபோய் ஒரு உதவி இயக்குநர் வந்தான். மலையாளப் படம், சைக்கோ த்ரில்லர், ஊரில் ஷூட்டிங் நடக்கிறது என்றான். திருகை மாட்டிக் கொடுத்த பிறகும் அவன் நகரவில்லை.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. எங்க கதாநாயகி வீல்சேர்லதான் இருப்பாங்க. ஆனா அவங்க கால் ஜிம் போற கால். க்ளோசப்ல நம்ப மாட்டாங்க."

"என் காலு போதுமா? நான் வேண்டாமா?"

அவன் சிரித்து மழுப்பினான். ஆனாலும் அவள் ஷூட்டிங்குக்குப் போனாள்.

அங்கே மரியாதைக்குக் குறைவில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாறுவது, காலைக் கையால் தூக்கி எப்படி வைப்பது என்று கதாநாயகிக்கு அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். அந்தப் பெண்ணும் சட்டென்று பிடித்துக்கொண்டாள். கொலைகாரன் பாதத்தில் ஊசி குத்திப் பார்க்கும் காட்சியில், லென்ஸக்காவின் பாதத்தில் நிஜமாகவே ரத்தம் எட்டிப் பார்த்தது. "வலிக்குதா?" என்று பதறினார் டைரக்டர். "நீங்க எடுங்க சார்" என்றாள். "உங்களை மாதிரி ஆட்களைத் திரையில காட்டணும்னுதான் இந்தப் படமே" என்றார் அவர், கொஞ்சம் தமிழும் கொஞ்சம் மலையாளமுமாக. கதையின் முடிவை மட்டும் யாரும் சொல்லவில்லை.

படம் வந்ததும் தங்கச்சி கூட்டிக்கொண்டு போனாள். தியேட்டர் படியில் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். பாதம் திரையை நிறைத்தபோது தங்கச்சி விலாவில் இடித்தாள். "அக்கா, உன் காலு!"

கடைசிக் காட்சியில் கதாநாயகி நாற்காலியிலிருந்து எழுந்தாள். இத்தனை நாள் நடித்திருக்கிறாள்; கொலைகாரன் என்று நம்பவைத்தவன் அப்பாவி, கொலையெல்லாம் அவள் செய்ததுதான். தியேட்டரே விசிலில் அதிர்ந்தது. லென்ஸக்கா கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ஏசி அதிகமாக வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் தோன்றியது.

வெளியே வந்து தங்கச்சிதான் அழுதாள். "உன்கிட்ட கத்துக்கிட்டு உன்னையே பொய்க்காரி ஆக்கிட்டாங்களே!"

"வண்டி வருதா பாரு."

படம் ஓடிய நாட்களில் கடைக்கு வருகிறவர்களின் பார்வை மேஜைக்குக் கீழே போய்ப் போய் வந்தது. ஒருநாள் பில் போடுகிற பெண் திடீரென்று கத்தினாள். "டேய், என்னடா பண்றே?" கண்ணாடி வாங்க வந்த ஒருவன், குனிந்து பேனாவால் லென்ஸக்காவின் காலில் குத்திக்கொண்டிருந்தான். "சும்மா டெஸ்ட் பண்ணேன்" என்று பல்லைக் காட்டினான். முதலாளி அவன் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினார். லென்ஸக்கா பாவாடையை விலக்கிப் பார்த்தாள். கணுக்காலில் மூன்று நீலப் புள்ளிகள். துணியைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தாள், முழுசாகப் போகவில்லை.

அதே வாரம் உதவி இயக்குநர் போன் செய்தான். "ரெண்டாம் பாகம் எடுக்கறோம்க்கா. ஃப்ளாஷ்பேக்ல ஒரு சின்ன ஷாட்."

"முகத்தையும் சேர்த்து எடுப்பீங்கன்னா வரேன்."

"கேட்டுட்டுச் சொல்றேன்க்கா." பிறகு அவன் கூப்பிடவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

மேஜைக்கு முன்னால் ஒரு பலகை அடித்துக் காலை மறைத்துவிடலாமா என்று முதலாளி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வேணாம்ணே" என்றாள், தலை நிமிராமல். "கால் எங்க இடிக்குதுன்னு எனக்குத் தெரியாது. கண்ணால பாத்துக்கணும்."

அவர் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் மெஷினைப் போட்டு, அடுத்த லென்ஸைத் தேய்க்க ஆரம்பித்தாள்.